வேகத்தோடு மாறாத சத்தம்

வண்டி நின்ற பிறகும் சத்தம் ஒருமுறை வந்தது.

அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. ஓடுகிற டயர் சத்தம் போடலாம், நின்றுவிட்ட டயர் எப்படிப் போடும்? காலையில் டைல்ஸ் கிடங்கின் வாசலில் பிரேக்கை மிதித்து, நான்கு சக்கரமும் அசையாமல் நின்று, பின்னாலிருந்து கிளம்பிய தூசிகூடப் பிக்கப்பைத் தாண்டி முன்னே போய் அடங்கிய பிறகு, வலது பின்பக்கத்திலிருந்து ஒரே ஒரு ‘தப்’. மிதிபட்ட தரையிலிருந்து வருகிற மாதிரி.

இறங்கிப் போய் டயரை ஓர் உதை உதைத்தான். “சனியனே, என்னதான்டா வேணும் உனக்கு?”

பத்தொன்பது நாளாக இதே கூத்து. அவன் ஒன்றும் தெரியாதவன் அல்ல. பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டியவனுக்கு டயர் சத்தத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியும். டயரின் பள்ளத்தில் கல் சிக்கினால் டிக் டிக் என்று அடிக்கும்; வேகம் கூடினால் அடியும் நெருங்கும். ரப்பர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஊளைபோல் இழுக்கும். வழவழப்பான சாலைக்கு வந்தால் அதன் குரல் மாறும். பேரிங் போயிருந்தால் உறுமும். வண்டியை ஒரு பக்கமாக வளைத்தால் பாரம் எதிர்ப்பக்கச் சக்கரத்தில் ஏறி உறுமல் கூடும், மறுபக்கம் வளைத்தால் குறையும். ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. திருப்புளியால் கல்லெல்லாம் நோண்டி எடுத்தான். காற்றைச் சரி பார்த்தான். நட்டுகளை முறுக்கினான். பின் டயர்களை முன்னால் மாற்றினான். டயரில் கோளாறு என்றால் சத்தமும் கூடவே முன்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பின்னாலேயே இருந்தது.

அன்று பிற்பகல், கடைசி லோடை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு டயர்க் கடைக்குப் போனான். கடையை நடத்துகிறவள் ஒரு பெண். கிரீஸ் படிந்த சட்டை, காதில் செருகிய சாக்பீஸ். எல்லாருக்கும் அவள் அக்கா.

“மறுபடியுமா? டயரைக் கழட்டி மாட்டியே என் தோள்பட்டை கழண்டுபோச்சு,” என்றாள்.

“நீ ஒழுங்கா மாட்டியிருந்தா நான் ஏன் வரப்போறேன்?”

“கோபத்தைப் பாரு. நகரு, நானும் ஏறுறேன். கேட்டாதானே தெரியும்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் சீட்டுக்கு அடியில் ஏதோ உருண்டு அவள் காலில் இடித்தது. குனிந்து எடுத்தாள். பாதி தண்ணீரோடு ஒரு பழைய பாட்டில். அவன் அதைப் பிடுங்கிப் பழையபடி சீட்டுக்கு அடியிலேயே தள்ளினான்.

வண்டி நகர்ந்தது. சத்தமும் வந்தது.

“கேக்குதா?”

“இல்லையே.”

“இது கேக்கல? காது என்ன வாடகைக்கு விட்டிருக்கியா?”

“கத்தாத. எனக்குக் கேக்கல, உனக்குக் கேக்குது. சரி, கேக்குறத அப்படியே டாஷ்போர்டுல தட்டு. நான் எண்ணுறேன்.”

அவன் விரலால் தட்டினான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று. “சரியாத்தான் வருது. இந்த டயர் ஒரு சுத்து சுத்தினா ரெண்டு மீட்டர் போகும். இருபதுல போனா நொடிக்கு மூணுக்குக் கொஞ்சம் கம்மி. நாப்பதுக்குப் போ, ரெட்டிப்பாகும் பாரு.”

நாற்பதுக்குப் போனான். தட்டினான். நொடிக்கு மூன்று.

“அறுபது.”

மூன்று.

அவள் முகத்தில் இருந்த விளையாட்டு போனது. “நியூட்ரல்ல போட்டு இன்ஜினை அணை.” அணைத்தான். வண்டி தன் போக்கில் உருண்டது. காற்று மட்டும் இரைந்தது. அவன் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டு அழுத்தமாக, அடுத்தது மெதுவாக. அழுத்தம், மெது. அழுத்தம், மெது.

“ஏன் அப்படி மாத்தி மாத்தித் தட்டுற?”

“அப்படித்தான் கேக்குது.”

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு சொன்னாள். “வேகத்தோட மாறாத சத்தம் சக்கரத்துல கிடையாது தம்பி. இன்ஜினும் இல்ல. ரெண்டு காலு மாதிரி இருக்கு, ஒண்ணுல செருப்பு, ஒண்ணுல இல்லாத மாதிரி.” சிரிக்கப் பார்த்தாள். “யாரையாவது ஏத்தாம விட்டுட்டு வந்துட்டியா?”

அவன் வண்டியை ஓரங்கட்டினான். “இறங்கு.”

“டேய், விளையாட்டுக்குத்தானே...”

“இறங்குக்கா!”

அவளை நடுரோட்டில் விட்டுவிட்டு, கியரைத் தடாலென்று போட்டுக் கிளம்பினான். கோபத்தில்தான் என்று சொல்லிக்கொண்டான்.

விட்டுவிட்டு வந்தது உண்மைதான். நெட்டையை.

நெட்டை அவனோடு ஆறு வருடம் லோடு ஏற்றி இறக்கியவர். ஏற்றிறக்குகிற தொழிலில் டிரைவர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, காதைத்தான் நம்புவான். லோடுமேன் பின்கதவைச் சாத்தி, ஏறிக்கொண்டு, தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் ‘ரைட், போ’. ஒரே தட்டு என்றால் ‘நிறுத்து’. இருபது நாளுக்கு முன் ஒரு நண்பகலில், ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் ஐம்பது பெட்டி டைல்ஸ் இறக்கியபின் நெட்டை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலை எடு. ரெண்டு நிமிஷம்.” ஏற்கெனவே நேரமாகியிருந்தது. முதலாளி போனில் காய்ச்சி எடுத்திருந்தார். “உட்காந்து விருந்தா சாப்பிடப் போற? வந்து ஏறுய்யா,” என்று சொல்லிவிட்டு, இரண்டு தட்டுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரம் ஓட விடலாம், புத்தி வரும் என்று.

நெட்டை ஓடி வந்தார். பின்கதவை எட்டிப் பிடித்துத் தட்டினார். ஒரு தட்டு.

அவனுக்குக் கேட்டது. ஆக்சிலேட்டரில் இருந்த காலை அவன் எடுக்கவில்லை.

ஒரு கிலோமீட்டர் தள்ளி, தார் உருகிக் கிடந்த சாலையில், ஒரு காலில் மட்டும் செருப்போடு அவரை உயிரில்லாமல் கண்டெடுத்தார்கள். “எனக்கு எதுவுமே கேக்கல. அவரு நடந்து வர்றேன்னு சொன்னாரு,” என்று முதலாளியிடம் சொன்னான். நெட்டையின் மனைவியிடமும் அதையே சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, “தட்டியிருப்பாரே,” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள்மேல் இன்னும் எரிச்சல் இருந்தது. ஓடி வரச் சொன்னது யார்? முடியாத ஆள் நின்றிருக்க வேண்டியதுதானே?

இப்போது சாலை, மேற்கைப் பார்த்து நீண்ட ஆலைச் சுவருக்கு இணையாகப் போனது. தாழ்ந்துவிட்ட வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழ, பிக்கப்பின் நிழல் அந்த வெள்ளைச் சுவரில் கூடவே ஓடிவந்தது. கூரை, கம்பி, காலியான சரக்குத் தொட்டி, மூடிய பின்கதவு என்று வரைந்தமாதிரி தெளிவாக. சூடேறிய ரப்பரின் வாசனையோடு வேறொன்றும் ஜன்னல் வழியாக வந்தது. வெயிலில் காய்ந்த வியர்வை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

பின்கதவின் நிழலுக்குப் பின்னால் இன்னொரு நிழல்.

உயரமாக. கையை நீட்டியபடி. ஓடியது.

வேகம் கூட்டினான். எழுபது. எண்பது. நிழலின் கால்கள் அவசரப்படவில்லை. நொடிக்கு மூன்று. விரல்களுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கை அகலம். கூடவுமில்லை, குறையவுமில்லை.

சுவர் முடிந்தது. நிழல் போனது. சத்தம் போகவில்லை.

முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. வேறு வழியில்லை. பிரேக்.

சக்கரம் நின்றது.

தப்.

தப்.

தப்.

காலையில் ஒன்றுதான். இப்போது மூன்று. ஒவ்வொரு அடியும் முன்னதைவிடக் கிட்டே.

பிறகு தகரத்தில் ஒரு தட்டு.

அப்போதும் அவனுக்குள் எழுந்தது கோபம்தான். கதவை உதைத்துத் திறந்து, இறங்கி, பின்னால் போனான். யாருமில்லை. தாழ்ப்பாளை அடித்துத் திறந்து பின்கதவைத் தடாரென்று கீழே விழவிட்டான்.

“கேட்டுச்சுய்யா! அன்னைக்கும் கேட்டுச்சு! போதுமா? ஏறித் தொலை!”

அச்சுக்கு மேலே சக்கரத்தோடு தொட்டியைத் தாங்குகிற வில் பட்டைகள் கிறீச்சிட்டன. காலித் தொட்டி இரண்டு விரற்கடை தாழ்ந்தது. ஓர் ஆள் ஏறினால் எவ்வளவு தாழுமோ அவ்வளவு.

அவன் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடந்து வந்து சீட்டில் உட்கார்ந்தான். கேட் திறந்தது. காத்திருந்தான்.

தட். தட்.

ரைட்.

வண்டியை எடுத்தான். முப்பது, நாற்பது, அறுபது. டயர்கள் எண்ணெய் போட்டதுபோல் உருண்டன. ஒரு சத்தமில்லை. பத்தொன்பது நாள் கழட்டி மாட்டித் தேடிய வழி இவ்வளவுதான்: பின்கதவைத் திறக்க வேண்டும், அவர் ஏறும்வரை நிற்க வேண்டும், இரண்டு தட்டு விழுந்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் சத்தம் வராது.

அது அடங்கியதும்தான் அதற்கு அடியில் இருந்தது கேட்டது. மூச்சு. இழுத்து இழுத்து, உலர்ந்து, அவன் கழுத்துக்கு நேர் பின்னால். சீட்டுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி வெளிப்பக்கம் மங்கியது, தெளிந்தது. மங்கியது.

வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்தான். ஓடிப்போய் வில் பட்டையைப் பார்த்தான். இரண்டு விரற்கடை. எழவில்லை.

மனைவி வாசலுக்கு வந்தாள். அவனைத் தாண்டித் தொட்டியைப் பார்த்தாள். வெயில் கண்ணில் அடித்ததால் கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்தாள்.

“யாருங்க அது, புது ஆளா? பாவம், இப்படி இரைக்குது. ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காமலா கூட்டிட்டு வந்தீங்க?”

அவள் வண்டிக்குள் குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, தொட்டிக்கு மேலே நீட்டினாள்.

பாட்டில் அவள் கையை விட்டுப் போனது. கீழே விழும் சத்தம் வரவில்லை.