முன்னறை, முப்பதாம் நாள்

"என் தலையணைப் பக்கத்துல மைக்கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? நான் குறட்டை விடுறதுகூட உனக்குப் பாடமாடி?"

"உன் குறட்டை யாருக்கு வேணும்? ஆளில்லாதப்போதான்கா நான் பதிவே பண்றேன்."

"ஆளில்லாதப்போவா? நேத்து மத்தியானம் நான் படியேறி வரும்போது உள்ள பேசிட்டிருந்தியே! பூட்டைத் திறந்து பார்த்தா ஒரு ஈ காக்கா இல்ல!"

மாடி வீட்டுச் சகோதரிகளின் சண்டை தெருவுக்குப் புதிதல்ல. ஜன்னலோரம் காதைக் கொடுத்திருந்தவர்களில் பாதிப்பேர் சப்பென்று ஆனதும் அடுப்படிக்குத் திரும்பினார்கள். தங்கைக்கு மட்டும்தான் தெரியும்: நேற்று மத்தியானம் அவள் கல்லூரியில் இருந்தாள்.

தெருவில் அவளுக்குச் சத்தக்காரி என்று பெயர். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் உருப்படியாக ஏதோ படிக்க, இவள் ஒலிக்கலை படித்தாள். பல நாட்டு மக்கள் ஓசையை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஒரு கட்டுரை, கூடவே சொந்தமாக ஓர் ஒலிப்படைப்பு. ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இதுவும் போனால் படிப்புக்கே முழுக்கு. அதனால் தினமும் முன்னறையில் பதிவுக்கருவியை வைத்து, இடத்தையும் நாளையும் அதனிடம் அறிவித்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள். முப்பது நாள் மௌனத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அறையின் சொந்தக் குரல் கேட்குமாம். ஒன்றுமில்லாததைப் பிடிக்க ஒரு மிஷின், அதற்கு ஒரு பட்டம்!

கட்டுரையில் ஒரு மலைநாட்டாரைப் பற்றி எழுதியிருந்தாள். பூட்டிய வீட்டைத் திறக்குமுன் வாசலில் நின்று குரல் கொடுப்பார்களாம். உள்ளிருந்து பதில் வந்தால் திரும்பிப் போய்விடுவார்களாம். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் வரைந்து வைத்திருந்தாள்.

சண்டை ஓய்ந்ததும் ஹெட்போனை மாட்டி, அதுவரை சேர்ந்த இருபத்தொன்பது நாளையும் அடுக்கிக் கேட்டாள். இருபத்தொன்பது முறை பூட்டு விழும் சத்தம் ஒரே சத்தமாக விழுந்தது. தண்ணீர்த்தொட்டியின் சொட்டு மழையாகி, தெருவின் இரைச்சல் ஆறாகி, அதற்கும் அடியில், ஈரத்துணி சுவரில் உரசுவதுபோல ஏதோ மெல்ல இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மூச்சு. பிறகு அவளுடைய குரல், தெளிவாக:

"முன்னறை. முப்பதாம் நாள்."

முப்பதாம் நாளை அவள் இன்னும் பதிவு செய்யவில்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் மிஷின் குப்பைக்குப் போகும், படிப்பும் கூடவே போகும். மறுநாள் மத்தியானம் கருவியை முடுக்கினாள். எதையும் அறிவிக்கவில்லை. வெளியே போகவும் இல்லை. கதவை வெறுமனே சாத்திவிட்டு, மூலையில் உட்கார்ந்து, ஹெட்போனுக்குள் காதையும் உள்ளங்கைக்குள் வாயையும் பொத்திக்கொண்டாள்.

தரையெல்லாம் வெயில். சொட்டு. சொட்டு.

மூச்சு.

அவளுடையது அல்ல. மைக்குக்கு வெகு அருகில்.

"முன்னறை. முப்பதாம் நாள். ஆள் இருக்கு."

படியில் செருப்புச் சத்தம். அக்கா. வெளியே பூட்டைக் காணாமல் நின்றிருப்பாள்.

"ஏய், உள்ள இருக்கியா?"

வராதே என்று கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை. கை இறங்கவில்லை.

"இருக்கேன்கா," என்றது அவள் குரல், அறையின் நடுவிலிருந்து. "உள்ள வா."

கதவு திறந்தது.

அக்கா கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் படைப்புக்குத்தான் அந்த வருடம் முதல் மதிப்பெண். அக்கா மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். தங்கையையும் கூடவே கூட்டிப்போனாள். அங்கே அந்தப் பெண் சாப்பிடுகிறதாம், தூங்குகிறதாம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை மட்டும் பேசுவதில்லையாம்.

மாடி வீட்டில் பூட்டு தொங்குகிறது. தினமும் மத்தியானம் உள்ளிருந்து அதே குரல் நாள் கணக்கை அறிவிக்கிறது. நேற்று இருநூற்றுப் பதினொன்று. அதற்குப் பிறகு, கதவின் அடிப்பக்கத்தில் நகம் கீறும் ஓசை.

"அக்கா, நான் இங்கதான் இருக்கேன். யாரைக் கூட்டிட்டுப் போனே?"