அம்மா உட்கார்ந்த படிக்கட்டு

ஊற்றுப் பூங்காவின் வாசலில் பேருந்து நின்றதும் முதலில் குதித்து இறங்கியவன் பட்டாணி. வயது நாலரை. ஆள் உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர்.

அவனுக்குப் பின்னால் இறங்கியவள் அவன் அக்கா தும்பி. வயது பத்தரை. சின்னப் பிள்ளையில் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் அம்மா அவளுக்கு அப்படிப் பெயர் வைத்தார்.

ஆனால் அம்மா நர்ஸ் வேலைக்காகக் கடல் தாண்டிப் போன இந்த ஒன்றரை வருடமாகத் தும்பி அவ்வளவாகப் பறப்பதில்லை. தம்பிக்குப் பல் தேய்த்துவிட வேண்டும். அவன் ஒளித்து வைக்கும் காலுறையைத் தேட வேண்டும். அப்பா மறந்துபோகிற அடுப்பை ஓடிப்போய் அணைக்க வேண்டும். பள்ளிக்கூடம் வேறு இருக்கிறது.

அப்பா ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். யார் வீட்டில் ஐஸ் உருகினாலும் அவருக்குத்தான் போன் வரும், ஞாயிற்றுக்கிழமையிலும். இன்றைக்கு என்ன நினைத்தாரோ, காலையிலேயே கருவிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "கிளம்புங்க, அம்மாவுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போகலாம்" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து பட்டாணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தானாகவே தலை சீவிக்கொண்டான். தண்ணீர் தடவி, நெற்றியோடு ஒட்டச் சீவியிருந்தான். "இதென்ன அதிசயம்?" என்று தும்பி கேட்டதற்கு வெறுமனே சிரித்தான்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் மரப்பலகை போட்ட நடைபாதை. அதன் முடிவில் ஊற்று. பெரிய வட்டக் குளம் போல இருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் வெள்ளை மணல் ஒரே இடத்தில் பொங்கிப் பொங்கி அடங்கியது. உலை கொதிப்பது மாதிரி இருக்கும், தொட்டால் ஜில்லென்று இருக்கும் என்று அம்மா சொல்லுவார். பார்க்க அப்படியேதான் இருந்தது.  தும்பி தண்ணீரைத் தொடவில்லை.

"தம்பியைப் பாத்துக்கோ. பையை, பை வைக்கிற அறையில குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா போனார்.

மணல் பொங்குவதையே தும்பி பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமோ தெரியாது. திரும்பிப் பார்த்தபோது பட்டாணியைக் காணவில்லை.

 "பட்டாணி" என்று கூப்பிட்டுக்கொண்டே நடைபாதையில் ஓடினாள். முதல் வளைவில் இல்லை. இரண்டாவது வளைவில் இருந்த பெஞ்சுகளின் அருகே நின்றிருந்தான். ஒவ்வொரு பெஞ்சாகப் போய், அங்கே உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்தான்.

கடைசி பெஞ்சில் நீளப் பின்னல் போட்ட ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பட்டாணி அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான். அவர் திரும்பினார். பட்டாணியின் முகம் வாடிப்போனது.

"யாரைக் கண்ணு தேடுற?" என்று அவர் கேட்டார்.

"எங்க அம்மாவ."

"அய்யோ, அம்மா தொலைஞ்சு போயிட்டாங்களா?"

பச்சைச் சீருடை போட்ட பூங்காக் காவலர் அக்கா ஒருவர் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். அவரையும் அந்தப் பெண் கூப்பிட்டுவிட்டார். காவலர் அக்கா குனிந்து, "அம்மா என்ன கலர் டிரெஸ் போட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

"மஞ்ச. வெள்ளைப் பூ போட்டது" என்று பட்டாணி டக்கென்று சொன்னான்.

காவலர் அக்கா இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்து, "மஞ்சள் உடுப்பில் ஓர் அம்மா, குழந்தையை விட்டுவிட்டு..." என்று ஆரம்பிப்பதற்குள் தும்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"வேண்டாம் அக்கா, சொல்லாதீங்க. இவன் என் தம்பி. எங்க அம்மா இங்க இல்ல. வெளிநாட்டுல இருக்காங்க."

"பொய்" என்றான் பட்டாணி. "இங்கதான் இருக்காங்க. படத்துல இருக்குல்ல."

தும்பிக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு புகைப்படம் ஒட்டியிருக்கும். மஞ்சள் சட்டையில் அம்மா இந்த ஊற்றங்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சிரிப்பார். பட்டாணி தினமும் பால் குடிக்கும்போது அதைத்தான் பார்ப்பான். அம்மா எங்கே என்று அவன் ஏன் கேட்பதே இல்லை என்று தும்பி எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு இருக்கவில்லை. போனில் பேசினாலும், அவனுக்கு அம்மா அந்தப் படிக்கட்டில்தான் இருந்தார்.

தலை சீவியது ஏன் என்றும் இப்போது தெரிந்தது.

காவலர் அக்கா சத்தமில்லாமல் வாக்கிடாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

தம்பியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடலாம். தும்பிக்கு மனசு வரவில்லை. இவ்வளவு தூரம் தேடி வந்தவன், தேடி முடிக்கட்டும் என்று தோன்றியது.

"சரி, வா. அந்தப் படிக்கட்டுக்கே போய்ப் பாக்கலாம்" என்று கையை நீட்டினாள்.

இருவரும் கரையைச் சுற்றி நடந்தார்கள். "படத்துல ஒரு மரம் குனிஞ்சிருக்கும்" என்றான் பட்டாணி. "படியில ஒரு மூலை உடைஞ்சிருக்கும்." படத்தை அவன் அவ்வளவு மனப்பாடமாக வைத்திருந்தான். தண்ணீரைத் தொடுகிற மாதிரி வளைந்த மரத்தை அவன்தான் முதலில் பார்த்தான். அதன் கீழே படிக்கட்டு. மூலை உடைந்த படியும் இருந்தது.

படியில் யாரும் இல்லை.

பட்டாணி மரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து, "எங்க போனாங்க?" என்றான்.

தும்பி அவன் பக்கத்தில் குந்தினாள். "அந்தப் படம் அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்தது. அம்மா இங்கதான் உட்கார்ந்திருந்தாங்க. நான் தண்ணி தெளிச்சேன், சிரிச்சாங்க. அப்பா படம் எடுத்தாரு. அப்புறம் எழுந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டோம். நீயும்தான் இருந்த."

"நானா?"

"அம்மா வயித்துக்குள்ள."

"நான் ஒண்ணுமே பாக்கலயே" என்றான் பட்டாணி. உதடு பிதுங்கியது. பிறகு அழுதான். தும்பி அழாதே என்று சொல்லவில்லை. சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துவிட்டாள். இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது.

அழுகை விசும்பலாகிய பிறகு அவள் சொன்னாள்: "அம்மாவும் இந்த இடத்தைப் பாத்து ரொம்ப நாளாச்சு. நாம காட்டலாமா?"

அவன் தலையை ஆட்டினான். செருப்பைக் கழற்றிவிட்டு உடைந்த படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டான். "ஐயோ, ஐஸு" என்று உடனே எடுத்தான். மறுபடி விட்டான்.

அதற்குள் அப்பா வியர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். பட்டாணியின் ஈர முகத்தையும் அவன் உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அப்பா, போனைக் குடுங்க" என்றாள் தும்பி. "பட்டாணி, நடுவுல உட்காராத. ஓரமா நகரு. அம்மாவுக்கு இடம் விடு."

அவன் நகர்ந்தான். படம் எடுக்கப் போகிற நேரத்தில் தொப்பி வைத்த ஒரு மாமா, அந்த இடம் காலியாக இருக்கிறதென்று உட்கார வந்தார். பட்டாணி உள்ளங்கையை விரித்துப் படியின் மேல் வைத்தான்.

"இங்க ஆள் வருது" என்றான்.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்று அந்த மாமா பணிவாகச் சொல்லிவிட்டு வேறு படிக்குப் போனார்.

படம் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்து சில நிமிடங்களில் போன் அடித்தது. திரையில் அம்மா. வெள்ளைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. வேலைக்கு நடுவே எங்கோ நடைக்கூடத்தில் நின்று பேசினார்.

"பக்கத்துல இடம் விட்டிருக்கியே, யாருக்குடா?"

"உனக்குத்தான். ஒருத்தர் வந்தாரு, நான் விடல."

 அம்மா அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினார். பிறகு, "தும்பி எங்க? படத்துல அவளைக் காணோமே" என்றார்.

"நான்தான்மா எடுத்தேன்" என்றாள் தும்பி, போனைப் பிடித்துக்கொண்டே.

"போனை அப்பாகிட்ட குடு. நீ போய் உட்காரு. எனக்கு உன்னைப் பாக்கணும்."

தும்பி ஷூவைக் கழற்றினாள். காலுறையைக் கழற்றினாள். விட்டிருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் இறக்கினாள். குளிர்ச்சி முழங்கால் வரை ஏறியது. அவ்வளவு நாள் எங்கே இருந்ததோ, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அம்மா போனை வைக்கவில்லை. "ஜில்லுனு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ரொம்பம்மா."

"அப்போவும் அப்படித்தான் இருந்துச்சு. இன்னும் எட்டு மாசம்தான். வந்ததும் முதல்ல இங்கதான் வரோம்."

"இடத்தைப் பிடிச்சு வைக்கணுமா?" என்று பட்டாணி கேட்டான்.

அம்மா சிரித்தார். அழுதுகொண்டிருந்த தும்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அப்பா படம் எடுத்தார். தும்பியின் ஒரு கண் பாதி மூடியிருந்தது. மூக்கு சிவந்திருந்தது.

"வேற எடுங்கப்பா" என்றாள் தும்பி.

"வேண்டாம், இதையே அனுப்புங்க" என்றார் அம்மா. யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கை அசைத்துவிட்டுப் போனார்.

ஊற்றைச் சுற்றிக்காட்டும் படகு ஒன்று போய், பூங்கா மணி அடித்து, கூட்டம் குறைந்தது. மரத்தின் நிழல் தண்ணீரில் நீண்டது. மணல் பொங்கிக்கொண்டே இருந்தது.

"பேருந்துக்கு நேரமாச்சு, கிளம்பலாமா?" என்று கேட்டார் அப்பா. கேட்டுக்கொண்டே ஒரு படி மேலே உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்த்தார்.