இரண்டு டின் எண்ணெய்

மேல்தட்டிலிருந்த டின்னைத் தூக்கியதுமே சஞ்சீவிராஜாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. டின் இலேசாக இருந்தது. பக்கத்திலிருந்ததை எடுத்துப் பார்த்தார். அதுவும் காலி.

1948 பிப்ரவரி 17, காலை மணி பதினொன்று. ராஜபாளையத்தில் அவருடைய பஞ்சு மில்லின் கார் கொட்டகை. நான்கு மாதத்துக்கு முன் மதராசிலிருந்து அமெரிக்கக் கார் வந்தபோது கூடவே வந்த கால் கேலன் டின்கள் அவை. அந்தக் காரில் கிளச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அந்தக் கியர்பாக்ஸுக்கென்றே உள்ள எண்ணெய்தான் டின்களில் இருந்தது.

அன்று அதிகாலை நடந்தது அவர் கண்ணை விட்டு அகலவில்லை. நிறைமாத மகள் வெங்கம்மாவுக்கு வலி எடுக்க, அவரும் கூட ஏறிக்கொள்ள, டிரைவர் சமுத்திரம் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகக் காரை எடுத்தான். ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வேகம் பிடித்தார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கம் என்ஜின் திடீரென்று இரைந்தது. வண்டியோ இழுவையில்லாமல் தளர்ந்து நின்றேவிட்டது. கால் மணி நேரம் கழித்து மறுபடி நகர்ந்தது. மதுரையை மறந்துவிட்டு, சமுத்திரம் மாட்டுவண்டி வேகத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பி, நர்ஸ் அன்னாள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். எட்டேகாலுக்குக் குழந்தை பிறந்தது. இன்னும் அரைமணி போயிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று அன்னாள் சொன்னாள்.

எண்ணெய் குறைந்துதான் வண்டி நின்றிருக்கும் என்று ஊற்ற வந்தால், இப்போது டின் காலி. மில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் ஐயாதுரை முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். டின்னிலிருந்ததை விற்றுத் தின்ற டிரைவர் கியர்பாக்ஸில் இருந்ததை மட்டுமா விட்டுவைத்திருப்பான்?

பன்னிரண்டு மணிக்குச் சமுத்திரத்தைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது.

லாக்கப்பில் உட்கார்ந்திருந்த சமுத்திரத்துக்குத் தன்னை நினைத்துக்கூட அழுகை வரவில்லை. வெங்கம்மா பின்சீட்டில் துடித்ததுதான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. தன் கையில் ஏதோ பிழை நடந்துவிட்டதோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. காக்கி அரைக்கால் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. நர்ஸ் அன்னாளின் தம்பி எலியேசர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, இத்தாலிச் சண்டையில் டாங்கிகளைப் பழுது பார்த்தவன். ஊர் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது.

"அக்காதான் அனுப்புனா," என்று சப்இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டியிடம் சொன்னான். "பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் அந்த டிரைவர் வாசல்ல அப்படியே மண்ணுல உக்காந்துட்டாராம். களவாணிப் பய அப்படி உக்கார மாட்டாம்னு சொல்லுதா. நான் ஓட்டுன டாங்கி சிலதுல இதே கியர்பாக்ஸுதான். செத்த நேரம் வண்டியைப் பாத்துக்கிடட்டுமா?"

உக்கிரபாண்டிக்கும் மனசுக்குள் ஒரு நெருடல் இருந்தது. சரி என்றார்.

சமுத்திரத்தையும் அழைத்துக்கொண்டு, பத்து மணிக்குக் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். எலியேசர் முதலில் தரையைப் பார்த்தான். சிமெண்டு தரையில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை. கொட்டகையைச் சுற்றிலும் மண்ணைக் கிளறிப் பார்த்தான். கசிவு இல்லை, கறை இல்லை. பிறகு முதலாளியிடம் திரும்பினான்.

"இந்த எண்ணெய் வேற எதுக்காவது ஆகுமா?"

"ஆகாது. இந்த வண்டிக்கு மட்டுந்தான்."

"ஊர்ல இப்படி வண்டி எத்தனை இருக்கு?"

"இது ஒண்ணுதான்."

"அப்போ யாருகிட்ட வித்திருப்பாரு?"

முதலாளி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். மில் கேட்டில் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து காட்டாமல் யாரும் வெளியே போக முடியாது என்று வாட்ச்மேன் சொன்னான். கொட்டகைச் சாவி ஆபீஸ் ஆணியில் தொங்கும், வேண்டியவர் எடுப்பார் என்பதும் தெரிந்தது.

எலியேசர் ஐயாதுரையிடம் மரியாதையாகவே பேசினான். அந்தக் காரில் வேலை பார்த்ததுண்டா என்று கேட்டான். நாலு மாதமாகத் தான் அதற்குள் கால் வைத்ததே இல்லை, முதலாளியின் பழைய காரைப் பத்து வருஷம் ஓட்டியதோடு சரி என்றார் அவர்.

"கியர்பாக்ஸுக்குள்ள இருக்க எண்ணெயை எப்படிண்ணாச்சி களவாண்டிருக்க முடியும்?"

"அது என்ன பெரிய வேலை? முன்சீட்டு விரிப்பைத் தூக்கி, மூடியைத் திறந்து, குழாய் போட்டு உறிஞ்சியிருப்பான்."

எலியேசர் தலையாட்டிவிட்டு, ஒரு ரப்பர் குழாயும் கைப்பம்பும் அந்த இரண்டு காலி டின்களும் வேண்டும் என்றான். வண்டியைச் சமுத்திரமே ஓட்டட்டும் என்றும் கேட்டுக்கொண்டான். பின்சீட்டில் முதலாளியும் சப்இன்ஸ்பெக்டரும் ஐயாதுரையும் ஏறினார்கள்.

ஊருக்குள் இருபது மைல் வேகத்தில் வண்டி பூப்போல நகர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடக்கும் வரை ஒரு குறையும் இல்லை. வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதும் எலியேசர், "நாப்பத்தஞ்சுக்குக் கொண்டு போங்கண்ணாச்சி, அப்படியே வச்சிருங்க," என்றான்.

முள் நாற்பத்தைந்தில் நின்றது. இரண்டு மைல் போனது. மூன்றாவது மைலில் என்ஜின் இரைந்தது. வேகம் சரிந்தது. எவ்வளவு மிதித்தும் சத்தம்தான் கூடியதே தவிர, சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. சமுத்திரம் வண்டியை ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"நிப்பாட்டுங்க. என்ஜின் ஓடட்டும்."

எலியேசர் கீழே குனிந்தான். முன்சீட்டு விரிப்பை விலக்கி, அடியிலிருந்த மூடியைத் திறந்து, அளவுக் கம்பியை வெளியே எடுத்து எல்லாருக்கும் காட்டினான். முழு அளவுக் கோட்டுக்கு வெகு மேலேவரை கம்பி நனைந்திருந்தது. அதில் ஒட்டியிருந்தது எண்ணெய் மாதிரியே இல்லை, பாலாடை போல ஒரே நுரை.

"குறைஞ்சிருக்கும்னு தேடுனோம்," என்றான். "கூடியிருக்கு."

பின் விளக்கமாகச் சொன்னான். அந்தக் கியர்பாக்ஸில் இழுவையைக் கடத்துவதே எண்ணெயின் அழுத்தம்தான். அளவாக இருந்தால் பல்சக்கரங்கள் எண்ணெய்க்கு மேலே சுற்றும். மிஞ்சினால் அதற்குள்ளேயே முங்கிச் சுற்றும். மெல்லப் போகும்போது பாதகமில்லை. வேகமாகப் போனால் மத்தால் கடைந்தது போல நுரைத்துவிடும். நுரைக்கு அழுத்தம் ஏது? கால் மணி நேரம் நின்றால் நுரை அடங்கும், வண்டியும் ஓடும்.

அப்படியே கால் மணி காத்திருந்தார்கள். நுரை அடங்கியதும் குழாயை விட்டு, கோட்டளவுக்கு வரும்வரை எண்ணெயை உறிஞ்சினான். ஒரு டின் நிரம்பியது. மற்றதும் கழுத்துவரை வந்தபோது அளவு சரியாக நின்றது.

சஞ்சீவிராஜா இரண்டு டின்களையும் பார்த்தார். களவு போனதாக அவர் எழுதிக்கொடுத்த எண்ணெய் அவர் காலடியிலேயே இருந்தது.

"களவே நடக்கல முதலாளி," என்றான் எலியேசர். "களவு நடந்த மாதிரி தெரியணும்னு ஒருத்தரு நினைச்சாரு. டின்னை அப்படியே வெளியே கொண்டு போக வாட்ச்மேன் விடமாட்டான். தரையில கொட்டுனா கறை. அதனால யாரும் தேடாத இடத்துல ஊத்திட்டாரு. எண்ணெய் கூடுனா என்ன கெடுதல்னு நினைச்சிருப்பாரு. ஐயாதுரை அண்ணாச்சி, மத்த வண்டியில கியர் எண்ணெயை அடியில படுத்துத்தான் ஊத்துவாங்க. இதுக்கு மட்டும் விரிப்புக்கு அடியில மூடி இருக்கு. உள்ள கால் வைக்காத உங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சிச்சு?"

ஐயாதுரை அவராகவே சொன்னார். புது வண்டி வந்ததும் சாவி தன்னிடம்தான் வரும் என்று இருந்தாராம். நேற்று வந்தவனிடம் போனது பொறுக்கவில்லை. சமுத்திரத்தின் வேலை போகட்டும் என்றுதான் செய்தார்.

"வெங்கம்மா ஏறுவான்னு நான் நினைக்கல. சின்னப்பிள்ளையில பள்ளிக்கூடத்துக்கு நான்தான் அவளைக் கொண்டுபோய் விடுவேன்," என்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உக்கிரபாண்டி அவரைத் தோளில் தொட்டு, ஸ்டேஷனில் மீதியைப் பேசிக்கொள்ளலாம் என்றார். திரும்பும்போது சமுத்திரம் ஐம்பது மைலில் பிடித்தான். ஒரு முணுமுணுப்புமில்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

மகளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் சஞ்சீவிராஜா சமுத்திரத்தின் கையைப் பிடித்தார்.

"அவசரப்பட்டுட்டேன் சமுத்திரம். நீ பொறுமையாத் திருப்பிக் கொண்டாந்த. அதனாலதான் எனக்கு மகளும் இருக்கா, பேரனும் இருக்கான்."

மாலை நாலரைக்குத் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிப் போக, சமுத்திரம் அன்னாள் வீட்டுக்குக் காரைக் கொண்டுவந்தான். எலியேசரிடமும் அன்னாளிடமும் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டு வந்திருந்தான். வாசலில் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கைகூப்பி நின்றான்.

அன்னாள் துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"செத்த நேரம் வச்சிருங்க அண்ணாச்சி," என்றாள். "தாயை மொதல்ல ஏத்திட்டு வாரேன்."