வர்றேன், வர்றேன்

இருட்டில் கூடத்தின் அந்தக் கோடியில் யாரோ "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சர்வர் ஆந்தை, சூப் கிண்ணங்கள் அடுக்கிய தட்டோடு அப்படியே நின்றான். அந்தக் கூடத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு நடக்கிறவன் அவன் ஒருவன்தான்.

அது ஓட்டலின் கீழ்த்தளம். மேலே இன்னும் வெயில் முழுசாகச் சாயவில்லை. ஆற்றங்கரையில் மேடை போட்டு, கோடைக்காலம் முழுக்கப் பாட்டும் ஆட்டமும் வாணவேடிக்கையுமாக நகரம் அமர்க்களப்பட்டுக் கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்து இறங்கியபடியே இருந்தார்கள். எல்லா ஓட்டலும் எதையாவது புதுசாகக் காட்டியாக வேண்டிய பருவம். இந்த ஓட்டல்காரர்கள் கண்டுபிடித்தது இருட்டு விருந்து. கைக்கடிகாரம், செல்போன், மினுங்குகிற எதுவும் வாசலிலேயே அலமாரியில் போய்விடும். இரண்டு கறுப்புத் திரைகளைத் தாண்டி, சர்வரின் தோளில் கை வைத்து, பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரின் தோளில் கை வைத்து, ரயில் பெட்டி மாதிரி உள்ளே வர வேண்டும். உட்கார்ந்து, தின்பது என்னவென்று தெரியாமல் தின்று, சிரித்து, மேலே சிந்திக்கொண்டு, மறுபடி ரயிலாக வெளியே போக வேண்டும். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு.

உள்ளே சர்வர்கள் இரண்டு பேர்தான்; ஆந்தை, மிலிட்டரி என்பது அவர்களுடைய பட்டப்பெயர். ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கொரு குரல். மிலிட்டரி "வழி, வழி" என்று அதட்டிக்கொண்டு நடப்பான். ஆந்தை "வர்றேன், வர்றேன்" என்பான், கொஞ்சம் இழுத்து, நடுவில் தொண்டையைச் செருமி. இப்போது கேட்டதிலும் அந்தச் செருமல் இருந்தது.

கிண்ணங்களை இறக்கிவிட்டு, சமையலறை வாசலின் இரண்டு திரைகளுக்கு நடுவே மங்கலாய் எரியும் சிவப்பு பல்பின் கீழ் மிலிட்டரியைப் பிடித்தான்.

"உனக்கு வேற வேலையே இல்லையா? என் குரல்ல எதுக்குடா கத்துற?"

"உன் குரலை மிமிக்ரி பண்ணணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?" என்றான் மிலிட்டரி, ரொட்டிக் கூடையை அக்குளில் இடுக்கிக்கொண்டே. "நான் இவ்வளவு நேரமா இங்கதான் நிக்கிறேன், சாஸ் வரட்டும்னு. சமையல்காரரைக் கேளு."

சமையல்காரர் அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலேயே சொன்னார்: "ஆமாய்யா, நிக்கிறான். நின்னுக்கிட்டே கோழியில பாதியைத் தின்னுட்டான்."

"அப்ப யாரு?"

"பொண்டாட்டி வந்திருக்கால்ல, அதான் காது அடைக்குது உனக்கு," என்றான் மிலிட்டரி. "போ, போய் ஒழுங்கா கவனி. இன்னைக்குச் சொதப்பினா இந்தப் பிறவியில உனக்குச் சமைச்சுப் போட ஆள் இல்ல."

அது உண்மை. மழைக்காலத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள் வெயில் காலத்தில்தான் வந்திருக்கிறாள். வந்தது அவனிடம் அல்ல. தம்பிக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று பெயர் பண்ணிக்கொண்டு வந்து, வேறு ஓட்டலில் தங்கியிருக்கிறாள். நாளைக் காலை ரயில். அவன் அடிக்கிறவனும் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. பேசமாட்டான், அவ்வளவுதான். இருட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, பகலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். "ஒரு வீட்டுல கல்லோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் அவளைத் தம்பியோடு இங்கே வரவழைத்திருந்தான். இருட்டில் முகம் பார்க்க வேண்டியதில்லை. சொல்லிவிடலாம்.

உள்ளே கூட்டி வரும்போது வாசலில் அவளிடம் ஒன்று மட்டும் சொன்னான். "பயமா இருந்தா எழுந்து நடந்துடாத. கூப்பிடு, அங்கயே இரு. என் குரல் கேட்டா மட்டும் தோள்ல கையை வை. வேற யார் வந்தாலும் வைக்காத." அவள் தலையசைத்தாள். அவளுடைய கை அவன் இடது தோளில் விழுந்தபோது லேசாக வியர்த்திருந்தது. அந்த ஈரம் சட்டையில் இன்னும் காயாமல் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

வறுத்த கோழியோடு அவர்கள் மேசைக்குப் போனான். வெண்ணெய் மணமும், தரைவிரிப்பின் ஈர நாற்றமும், வெவ்வேறு ஊர்களின் சென்ட் வாசனைகளும் குளிர்ந்த காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மேலே ஆற்றங்கரை மேடையின் மேளச் சத்தம் கூரை வழியாக, வேறொரு வீட்டில் யாரோ உலக்கை போடுவது போல இறங்கியது.

"வந்தாச்சா மாமா?" என்றான் மச்சான். "மூக்குல ரெண்டு தடவை சூப்பை விட்டுட்டேன். இதுக்குப் போய்க் காசு குடுத்து வர்றானுங்களே, இவனுங்களை என்ன சொல்ல."

"வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டு ஸ்பூனை எடு."

"அது சரி, இந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவர் யாரு மாமா? எவ்வளவு பேச்சுக் குடுத்தாலும் மூச்சு மட்டும்தான் விடுறாரு. உங்களுக்குச் சொந்தக்காரரா இருப்பாரு போல."

அந்த மேசையில் மூணாவது, நாலாவது நாற்காலிகளில் யாரும் கிடையாது. ஆந்தை மச்சானுக்குப் பக்கத்தில் கையை நீட்டித் தடவினான். நாற்காலி காலி. ஆனால் மேசையை விட்டு வெளியே இழுக்கப்பட்டிருந்தது. உட்காரும் இடம் ஈரத்துணி போலச் சில்லென்று இருந்தது. உள்ளே தள்ளி வைத்தான். "பக்கத்து மேசைக்காரரா இருக்கும்," என்றான்.

அப்போது அவள் பேசினாள். அவன் பல மாதமாகக் கேட்காத குரலில்.

"என்னங்க... நீங்க கேட்டதுக்கு நான் உடனே பதில் சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டீங்களா?"

"என்ன கேட்டேன்?"

"இப்பதானே குனிஞ்சு காதுல கேட்டீங்க. போகாத, இங்கயே இருந்துடுன்னு." அவள் மெல்லச் சிரித்தாள். "இதைச் சொல்ல இருட்டு வேண்டியிருக்கு உங்களுக்கு."

அவன் கையிலிருந்த தட்டு லேசாகச் சரிந்து, குழம்பு விரலில் சூடாக வழிந்தது. நான் கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் கை இருட்டில் துழாவி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் தானாக அவனைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று.

"ஆமா," என்றான். "நான்தான் கேட்டேன்."

"ஒருதடவை கேட்டா போதுமா? இன்னும் கொஞ்சம் பேசுங்க. அப்புறம் பதில் சொல்றேன்."

"வர்றேன். ஐஸ்கிரீம் எடுத்துட்டு வர்றேன்," என்றான் அவன்.

திரும்பி நடக்கும்போது காது இரண்டும் முதுகுப் பக்கம் முளைத்தது போல இருந்தது. யார் கேட்டிருப்பார்கள்? விருந்தாளி எவனாவது விளையாடுகிறானா? அவள் ஊருக்குப் போகப்போகிறாள் என்று எந்த விருந்தாளிக்குத் தெரியும்? அவன் மனசுக்குள் பழகி வைத்திருந்த வாக்கியம் அது. போகாத, இங்கயே இருந்துடு. வார்த்தை மாறாமல். குளியலறைக் கண்ணாடி முன்னால்கூட அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

வழியில் ஒரு கிழவர் தண்ணீர் கேட்டார். ஒரு பெண் தன் முள்கரண்டியைத் தேடிக் கொடுக்கச் சொன்னாள். ஒரு குழந்தை அழுதது. இன்றைக்குக் கூடம் நீண்டுபோனது போல இருந்தது. சுவரைத் தொட வேண்டிய இடத்தில் சுவர் சற்றுத் தள்ளி வந்தது. ஐஸ்கிரீம் கிண்ணங்களை வாங்கிக்கொண்டு திரை தாண்டினான்.

"என்னங்க!"

அவள்தான். குரல் நடுங்கியது. "என்னங்க, போதும். எனக்கு மூச்சு முட்டுது. வெளிய கூட்டிட்டுப் போங்க."

"அங்கயே இரு!" என்று கத்தினான். "வர்றேன்!"

"வர்றேன், வர்றேன்," என்றது இன்னொரு குரல், அவளுக்குப் பக்கத்தில். இழுத்து. நடுவில் செருமி.

தட்டை எங்கே வைத்தானோ தெரியாது. விழுந்ததா, யார் மடியிலாவது போனதா. யார் நாற்காலியிலோ இடித்தான். யாரோ திட்டினார்கள். மேசையைப் பிடித்துவிட்டான். ஓரத்தைத் தடவினான். அவள் நாற்காலி. சூடாக இருந்தது. காலி.

"அம்மு?"

"மாமாவா?" என்றான் மச்சான். குரலில் குழப்பம். "நீங்க இப்பதானே அக்காவைக் கூட்டிட்டுப் போனீங்க?"

"நானா?"

"வர்றேன் வர்றேன்னு வந்தீங்க. தோள்ல கையை வைன்னு சொன்னீங்க. அக்காகூட சொல்லிச்சு, என்னங்க உங்க சட்டை இவ்வளவு ஈரமா இருக்குன்னு."

"எந்தப் பக்கம் போனா?"

"இருட்டுல எந்தப் பக்கம்னு நான் என்னத்தைச் சொல்ல? மாமா... விளையாடாதீங்க மாமா."

ஓடினான். அந்தக் கூடத்தில் ஓடக்கூடாது. ஓடினான். முதல் திரை. இரண்டாவது திரை. வெளிச்சம் கண்ணில் மிளகாய் போல ஏறியது. வாசலில் சூப்பர்வைசர் அக்கா, அலமாரிச் சாவிகளோடு, ஒரு விருந்தாளிக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்டாட்டி வந்தாளா?"

"இல்லையே. ஒருத்தரும் வரலையே. ஏன்டா இப்படி மூச்சு வாங்குற?"

"லைட்டைப் போடுங்க அக்கா."

"லைட்டா? பைத்தியமா உனக்கு? உள்ள சாப்பிட்டுட்டு இருக்காங்க, ஓட்டல் பேரே..."

"லைட்டைப் போடுங்க!"

அவன் முகத்தைப் பார்த்தாள். சுவிட்சுப் பெட்டியைத் திறந்தாள்.

வெளிச்சத்தில் அந்தக் கூடம் பார்க்கச் சகிக்கவில்லை. கறுப்புச் சாயம் அடித்த தாழ்ந்த கூரை. கறை படிந்த விரிப்பு. புதுசாய்க் கண் திறந்த பூனைக்குட்டிகள் போலக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, தாடையில் குழம்போடு விருந்தாளிகள். நடுவில் ரொட்டிக் கூடையோடு மிலிட்டரி. சமையலறை வாசலில் சமையல்காரர் எட்டிப் பார்த்து, இந்தப் பக்கம் யாரும் வரவில்லை என்று கையை ஆட்டினார். மச்சான் எழுந்து நின்றிருந்தான். அவனுக்கு இந்தப் பக்கம் அவள் நாற்காலி, அந்தப் பக்கம் ஆந்தை உள்ளே தள்ளி வைத்த நாற்காலி. அது மறுபடி வெளியே இழுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து விரிப்பின் மேல் ஈரத் தடம் ஒன்று, மேசைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, யாரையும் இடிக்காமல், கோடிச் சுவர் வரைக்கும் போனது.

சுவரில் கதவு இல்லை. ஜன்னல் இல்லை. வெறும் கான்கிரீட், அதன் மேல் கறுப்புச் சாயம்.

காதை வைத்தான்.

முதலில் மேளச் சத்தம் மட்டும். அப்புறம் பேச்சு. அவன் குரல்தான். தணிவாக, அவசரமே இல்லாமல், பேசிக்கொண்டே போனது. கல்யாணமான புதிதில் அவள் தூங்கும்போது பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை. அவள் போன பிறகு வீட்டில் அடுப்பு மூட்டாததை. அவள் சீப்பில் இருந்த முடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததை. எவரிடமும் சொல்லாதது. ஒன்றுகூடப் பொய் இல்லை.

அவள் சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், மனசு நிறைந்து.

"இத்தனை நாளா இதையெல்லாம் எங்கங்க வெச்சிருந்தீங்க?"

"அம்மு!" கையால் சுவரை அறைந்தான். "அம்மு, அது நான் இல்ல! கையை எடு! நான் இங்க இருக்கேன்!"

பேச்சு நின்றது.

"என்னங்க," என்றாள் அவள். "யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு. உங்க குரல் மாதிரியே இருக்கு."

தொண்டை செருமும் சத்தம்.

"அப்படியா?" என்றது அவன் குரல். "சரி, அவனையே கேளு. என்ன பேசுறான்னு பாப்போம்."

அவள் காத்திருந்தாள். காத்திருந்தது நன்றாகவே தெரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் ஆந்தை வாயைத் திறந்தான். பேச வேண்டும். அவளுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று. ஒரு வாக்கியம். வாய் திறந்தபடி இருந்தது. காற்றுதான் வந்தது.

"யாரும் இல்ல போலிருக்கு," என்றாள் அவள்.

"படி வருது. பாத்து வா."

அவள் செருப்புச் சத்தம் படியிறங்கத் தொடங்கியது. அவளுடையது மட்டும். அந்தக் கூடத்துக்குக் கீழே வேறு தளம் கிடையாது. மச்சான் சுவரைப் பிறாண்டிக்கொண்டு அக்கா, அக்கா என்று அலறினான். விருந்தாளிகள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். ஆந்தை திறந்த வாயோடு, கன்னத்தைச் சுவரில் அழுத்தி நின்றான். செருப்புச் சத்தம் நிதானமாக, ஒவ்வொரு படியாக, இறங்கிக்கொண்டே இருந்தது.