பாடகிக்கு முன்னால் யாரோ

மதாம் லோரிஸின் வீடு பெய்ரூத்தின் அஷ்ரஃபியே பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. நானும் என் கணவர் நஸீபும் படியேறிப் போனோம். கணினியில் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கும். அதை ஒலியாக மாற்றித் தரும் பெட்டிக்கு டாக் என்று பெயர். புதிதாக வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மதாம், இறந்துபோன தன் கணவர் கமீலின் டாக்குகளை விற்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

கதவைத் திறந்தவர் வாங்க என்று சொல்லவில்லை. காபியும் தரவில்லை. பெய்ரூத்தில் எதிரிக்கும் காபி உண்டு.

கூடத்தில் சாம்பலும் ஈரத்துணியும் கலந்த வாடை. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர்கள், அவற்றுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதன் பின்னால் அலமாரியில் வெள்ளி நிறத்தில் ஒரு பெட்டி, கறுப்பில் ஒன்று.

"எது நல்லது மதாம்?" என்றார் நஸீப்.

"என்கிட்ட கேக்காதீங்க. கமீலும் தன் காத நம்பித்தான் வாங்கினாரு."

"எங்க உக்காந்து கேப்பாரு?"

"அந்த நாற்காலியிலதான். அதுலயேதான் செத்தும் கிடந்தாரு. பயமா இருந்தா நின்னுகிட்டே கேளுங்க, உஸ்தாத்."

நஸீப் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பெட்டிகளை ஒப்பிட இந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கு ஒரு முறை உண்டு. கேட்பவர் கண்ணை மூடிக்கொள்வார். இன்னொருவர் பின்னாலிருந்து வயரை மாற்றுவார். எது ஓடுகிறதென்று சொல்லக் கூடாது.

"மூஞ்சியில காட்டிக் குடுத்துடாத, ஹியாம்."

"கண்ண மூடிகிட்டு என் மூஞ்சிய எப்படிப் பாக்கப் போறீங்க?"

முதலில் வெள்ளியைப் போட்டேன். ஊத் என்ற அரபு வீணையின் நரம்பொலிக்கு மேல் ஒரு பெண்குரல். நல்ல கருவியென்றால் அந்தக் குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஆளாக எழுந்து நிற்குமாம். அந்த நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும்.

"சுவர்கிட்ட நிக்கிறா," என்று விரலால் காட்டினார் நஸீப்.

கறுப்புக்கு மாற்றினேன். அவர் விரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"அவளுக்கு முன்னால யாரோ நிக்கிறாங்க. மூச்சு விடுறது கேக்குது."

"பாட்டுல வேற யாரும் இல்லையே."

"ஒளிச்சு வச்சதையும் காட்டுறதுதான் நல்ல பெட்டி."

மதாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வதற்குள் எப்போதும் வரும் சின்ன இடைவெளி. பாட்டு அறுந்தது. இருட்டு, வாடை, எங்கள் மூச்சு.

"இன்னும் நிக்கிறான்," என்று முணுமுணுத்தார் நஸீப்.

"கரன்ட் போனது தெரியலையா?"

"தெரியுது."

வெளிச்சம் வந்ததும் வெள்ளிக்கு மாற்றினேன். மறுபடி மாற்றச் சொன்னார். வயரைச் சும்மா ஆட்டிச் சத்தம் காட்டிவிட்டு, வெள்ளியையே விட்டுவைத்தேன். அந்தக் கறுப்பு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

"இதுதான்," என்றார் நஸீப். "இதையே வாங்கிக்கலாம்."

அவர் விரல் கம்பளத்தின் நடுவைக் காட்டியது. முன்பைவிடக் கிட்டத்தில்.

ஓடிக்கொண்டிருந்தது வெள்ளி.

"வேண்டாம் நஸீப், போயிடலாம்," என்றேன். அவர் கேட்பதாக இல்லை. வெள்ளிப் பெட்டியைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் மதாம் முதல்முறையாகச் சிரித்தார்.

"கறுப்பா வெள்ளியான்னு நாங்களும் இப்படித்தான் சண்ட போட்டோம்."

எங்கள் வீட்டில் அவர் விரல் முதலில் ஜன்னலருகே காட்டியது. பிறகு மேசைக்கு இந்தப் பக்கம். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நஸீபின் கண்கள் மூடியிருக்கும், விரல் நீண்டிருக்கும். முழங்கை வரவர மடங்கிக்கொண்டே வந்தது.

"பாட்டக் கேட்டது போதும்."

"நான் கேக்கலேன்னா அவன் வராம இருந்துடுவான்னு நினைக்கிறியா?"

பெட்டியை உடைப்பேன் என்றேன். உடை என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஒரு மாலை அவர் விரலை நீட்டவில்லை. கைகள் மடியில் கிடந்தன.

"இன்னிக்கு எங்க நிக்கிறான்?"

"காட்ட இடமில்ல, ஹியாம்."

ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன்.

திரும்பியபோது அவருக்கு மூச்சில்லை. யாரோ அழுத்திப் பிடித்ததுபோலத் தோள்கள் நாற்காலியின் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. மாரடைப்பு என்றார் டாக்டர்.

பெட்டியைச் சுத்தியலால் நொறுக்கினேன். ஸ்பீக்கர்களையும் நாற்காலியையும் பழைய சாமான் வண்டிக்காரனிடம் தள்ளிவிட்டேன். இப்போது கூடத்தில் ஒன்றுமில்லை. தரை, சுவர், அவ்வளவுதான். இருந்தும் நஸீபின் குரலாவது அங்கே மிஞ்சியிருக்காதா என்று சில நாள் வாசற்படியில் நின்று காது கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை சமையலறையில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது கூடத்தின் ஜன்னலோரக் கோடியில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

நான் திரும்பவில்லை.

"ஹியாம்."

நஸீபின் குரல் இல்லை.

பேனாவை மூடினேன். இரண்டாம் முறை கூப்பிட்டபோது அது சமையலறை வாசலுக்கு வந்திருந்தது.