நண்டுப் பெட்டிக்குள் ஓர் இடாப்பு

பள்ளி விட்டு, இரண்டு மணிக்குக் குல்சூம் நூலகக் கதவைத் திறந்தாள். யன்னல் திறந்து கிடந்தது. நேற்று அதைச் சாத்த வேண்டியவள் அவள்தான்.

காலையில் அடித்த மழை முழுவதும் மேசையில். மேசையில் பழைய சேர்விடாப்பு.

ஐம்பது வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களெல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் இருந்தன. போரில் சிலாவத்துறையை விட்டுப் போனவர்கள், தாங்கள் இந்த ஊரார் என்று காட்ட அதைத் தேடி வருவார்கள். வேறு பிரதி கிடையாது. நெதர்லாந்தில் நூலகவியல் படிக்கும் குல்சூமின் அக்கா நூர்ஜஹான் ராத்தா, அடுத்த மாதம் லீவில் வந்து அதைப் படம் எடுக்க இருந்தாள்.

பின்னால் வந்த செலீனா ரீச்சர் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தார். அது கிழிந்தது. நீல மை விரலில் ஒட்டியது.

"அயன் பெட்டி கொண்டு வாறன். சூடு பட்டாக் காய்ஞ்சிடும்."

"வேண்டாம் ரீச்சர். முதல்ல ராத்தாட்டக் கேட்பம்."

ரீச்சரின் போனில் அழைத்தார்கள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"ராத்தா ஆவணக் காப்பகத்துக்குள்ள போயிருப்பா" என்றாள் குல்சூம். "பை, பேனை, போன் எல்லாத்தையும் வெளியில பூட்டி வைக்கோணுமாம். பென்சில் மட்டும்தான் கொண்டு போகலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியில வருவா. அப்ப இங்க அஞ்சு மணி."

"அதுக்குள்ள மை கரைஞ்சு முடிஞ்சிடும்."

ரீச்சர் கதவை நோக்கி நடந்தார். அயன் பெட்டிக்குத்தான்.

யோசி, யோசி. போன மாதம் ராத்தா ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளத்தில் நனைந்த புத்தகங்கள் ஒரு குளிரறையில் உறைந்து கிடந்தன. உறைந்தால் மை ஓடாதாம். பிறகு ஆறுதலாக, மெல்ல மெல்லக் காயவைக்கலாமாம். வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "புத்தகத்தையும் மீன் மாதிரியோ வைக்கிறாங்க?"

மீன் மாதிரி.

"ரீச்சர், பொலித்தீன் பை இருக்கா?"

இடாப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, தட்டில் வைத்து, இருவரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியெல்லாம் பொலித்தீன் மடிப்புகளிலிருந்து நீலச் சொட்டுகள்.

பக்கீர் மாமாவின் மீன் வாடிக் கொட்டகையில், உறைய வைக்கும் பெரிய குளிர்பெட்டி ஒன்று இருந்தது. அவர் மூடியைத் தூக்கிக் காட்டினார். விளிம்புவரை நண்டு.

"விடியக் கொழும்பு லொறி வருது, மகள். எங்க வைக்க?"

"நண்டை ஐஸ் போட்டு வெளிப்பெட்டியில வைங்க மாமா. விடியுமட்டும் தாங்கும்."

"அப்ப புத்தகத்தை ஐஸில வையன்."

"ஐஸ் உருகினாத் தண்ணி. நண்டுக்குத் தண்ணி பயமில்ல. இதுக்குப் பயம்."

பக்கீர் தாடியைச் சொறிந்தார். சொட்டு ஒன்று அவருடைய காலடியில் விழுந்தது.

"பள்ளிக்கூட இடாப்பா? என்ட பேரும் இதுலயா?"

"சிலாவத்துறையில படிச்ச எல்லார்ட பேரும் இதுலதான்."

பக்கீர் இரண்டு கையாலும் நண்டை அள்ளத் தொடங்கினார்.

ஐந்து மணிக்கு ரீச்சரின் போன் அடித்தது. இடாப்பு நனைந்ததைக் குல்சூம் சொன்னாள்.

"எங்க வச்சிருக்கிற?" என்று கேட்டாள் ராத்தா.

"பக்கீர் மாமாட நண்டுப் பெட்டிக்குள்ள."

குல்சூம் நகத்தைக் கடித்தாள்.

"பொலித்தீன் சுத்தினியா?"

"ரெண்டு சுத்து."

"அப்ப தப்பிச்சிட்டுது" என்றாள் ராத்தா. "நான் வாறவரைக்கும் யாரும் திறக்க வேணாம்."

அடுத்த மாதம் ராத்தா வந்து இடாப்பை மெல்ல உருக வைத்தாள். குல்சூம் தாளுக்குத் தாள் ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள் வைத்தாள். சில வரிகள் கலங்கியிருந்தன. ஆனால் எல்லாப் பெயர்களையும் வாசிக்க முடிந்தது. இலேசாக நண்டு வாசம் அடித்தது. யன்னலைத் தினமும் மூன்று தரம் போய்ப் பார்த்தாள் குல்சூம்.

பக்கீர் தினமும் வந்து எட்டிப் பார்த்தார். நாலாம் நாள் அவருடைய பெயர் வந்தது. கடைசிக் கட்டத்தைக் குல்சூம் சத்தமாக வாசித்தாள்.

"விலகிய காரணம்: பள்ளிக்கு வருவதில்லை. எப்போதும் கடற்கரையில் நிற்கிறார்."

பக்கீர் இடாப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வரிய மட்டுமாவது கரைய விட்டிருக்கலாமே, மகள்."