ஆகஸ்ட் பதினைந்தில் யாருக்கு லீவு?

“ஐயய்யோ...! சாரை யாரோ கொன்னுட்டாங்க!”

அமிர்தவள்ளி அலறினாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் காலையிலேயே கொடியேற்றி, லட்டு கொடுத்து, ஆட்களை பஸ்ஸில் அனுப்பியாகிவிட்டது. மிச்சக் குப்பையைக் கூட்ட வந்தவள் அவள். தோல் குடோனில் மண்டை பிளந்து கிடந்தார் முதலாளி இன்பராஜ்!

பார்ட்னர் ஷாஜின் ஓடி வந்தான். அழுதான். நன்றாகவே அழுதான்!

கொன்றவனே அவன்தான் என்பதால் ஒத்திகைக்கு நேரம் கிடைத்திருந்தது.

அசல் தோல் என்று சொல்லி ரெக்சினைத் தைத்து அனுப்பிய அவனுடைய குட்டு, இன்பராஜுக்குத் தெரிந்துவிட்டது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் சொல்லப்போவதாக மிரட்டினார். சொன்னால் கம்பெனி காலி, இவனும் காலி. அதனால்தான் கம்பியை எடுத்தான். நாள் பார்த்ததுதான் சாமர்த்தியம். ஆகஸ்ட் பதினைந்து... கம்பெனியில் ஈ, காக்கா இருக்காது!

இன்ஸ்பெக்டர் ஹெலன் வந்தார். பரேடு, சர்ச் பூசை இரண்டையும் முடித்துவிட்டு சாப்பிட உட்கார்ந்தவர். முகத்தில் அந்தக் கடுப்பு தெரிந்தது.

“பன்னெண்டு மணி வாக்குல நடந்திருக்கு. அப்ப எங்க சார் இருந்தீங்க?”

“என் ரூம்ல மேடம். இத்தாலி பையரோட வீடியோ கால். நமக்குத்தானே லீவு, அவங்களுக்கு இன்னா?”

“இன்னிக்கு மாதா விண்ணேற்புத் திருநாள் சார். இத்தாலியே கடையைச் சாத்திட்டு பீச்சுல கிடக்கும். உங்களுக்கு போன் எடுத்தது யாரு, மாதாவா?”

ஷாஜின் அவசரமாக நாட்டை மாற்றினான்.

“டென்ஷன்ல மாத்திச் சொல்லிட்டேன்... தென் கொரியா!”

கான்ஸ்டபிள் சமீருல்லா தன் செல்போனைத் தடவினார்.

“மேடம், அவங்களுக்கும் இன்னிக்குத்தான் சுதந்திரம். நமக்கு ரெண்டு வருஷம் சீனியர்.”

“ஐயோ... ஜப்பான்னு சொல்ல வந்தேன்!”

“அங்க செத்தவங்களுக்குப் படையல் போடுற வாரம் மேடம். முக்கால்வாசி கம்பெனி மூடியிருக்கும்.”

“நாடு இன்னும் ஜாஸ்தி இருக்கு சார்,” என்றார் ஹெலன். “நிதானமா எடுங்க.”

சனியன் பிடித்த தேதி! விடுதலை வாங்கவும் விழா எடுக்கவும் உலகத்துக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

“சீனா! அங்க பையர் லின் மேடம்! சத்தியமா!”

சமீருல்லா தேடினார். உதட்டைப் பிதுக்கினார்.

“சீனாவுல ஒண்ணும் இல்ல மேடம். வேலை நாள்தான்.”

ஷாஜினுக்கு உயிர் வந்தது. சரக்கு சீக்கிரம் வருமென்றால் லின் எதற்கும் தலையாட்டுவாள். ஒரு பொய்க்கு ஆட்டமாட்டாளா?

“கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க,” என்றார் ஹெலன்.

போட்டான். அவன் வாயைத் திறப்பதற்குள் லின் இங்கிலீஷில் கத்தினாள்.

“ஷாஜின்! இன்பராஜ் உயிரோட இருக்காரா? ரெக்சின் ஷூவை எனக்கு வீடியோ கால்ல காட்டிட்டிருந்தார். பின்னால நீங்க கம்பியோட வந்தீங்க... நான் ‘திரும்புங்க’ன்னு கத்தினேன்... அதுக்குள்ள அடிச்சுட்டீங்களே!”

ஷாஜின் பதறிப்போய் காலை கட் செய்தான்.

இன்பராஜ் காதில் இயர்போன் மாட்டி, தோல் அடுக்கில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்ததை அவன் கவனிக்கவே இல்லை. லீவு நாளில் எவன் பேசப்போகிறான் என்ற தைரியம்!

சமீருல்லா விலங்கை எடுத்தார்.

“மேடம்... இன்னிக்கு எல்லாமே லீவாச்சே...” முனகினான் ஷாஜின்.

“நன்னடத்தைன்னு கைதிங்களை வெளிய விடுற நாள் சார் இது,” என்றார் ஹெலன். “வேலூர் ஜெயில்ல இன்னிக்குத்தான் இடம் காலியாகும். வாங்க, முந்திக்கலாம்!”